மெம்பர் வீட்டு வரிசை

எங்கள் வார்டு மெம்பர் ஊசியக்கா. பிழைப்பு தையல் கடை, பேச்சும் குத்தும். வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது, ஜெயித்தது அக்கா. ஆனால் நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததென்னவோ அவள் புருஷன். மாமாவை மட்டும் சொல்வானேன்? ஜெயித்த மற்றப் பெண்கள் வீட்டிலும் இதே கூத்துதான்.

மார்க்கெட்டில் காய்கறி விற்கிற எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வந்தால் பொழுது சாயும்வரை தண்ணீரே குடிக்கமாட்டோம். வெயிலில் தலைசுற்றி ஒருத்தி தராசு மேலேயே விழுந்தாள். கழிப்பறை கட்டுவேன் என்று சொல்லித்தான் அக்கா ஓட்டு வாங்கினாள். மாமாவோ கூட்டத்தில் மார்க்கெட் வாசலுக்கு அலங்கார வளைவு கட்டக் கைதூக்கிவிட்டு வந்தார்.

"பொம்பளைங்க சமாச்சாரத்தை அத்தனை பேர் நடுவுல எப்படிடி பேசறது? கூச்சமா இருக்காதா?" என்றார் அக்காவிடம்.

அக்கா சண்டை போடவில்லை. எங்களுக்கே பயமாக இருந்தது. மறுநாள் மார்க்கெட்டுக்கு வந்தாள்.

"மெம்பர் வீடு பக்கத்துலதானே இருக்கு? கூச்சப்படாம எல்லாரும் வாங்கடி."

போனோம். விடிந்ததிலிருந்து அந்த வீட்டுக் கழிப்பறை வாசலில் வரிசைதான். மாமா தோளில் துண்டோடு எனக்குப் பின்னால் நெளிந்தார்.

"கொஞ்சம் அவசரம்மா..."

"எங்களுக்கும்தான் மாமா. வரிசையில வாங்க."

அந்தச் சுகத்தை ஏன் மறைக்கவேண்டும்? வயிறு குளிர்ந்தது. அந்த வாரம் முடிவதற்குள் மாமா அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, இனி கூட்டத்துக்கு நீயே போ!"

அக்கா போனாள். நாங்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தோம்.

"சார் வரலையா?" என்று கேட்டார் தலைவர்.

"வீட்டுல வரிசையில நிக்கறாருங்க. கழிப்பறைக்கு ஓட்டெடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வரிசையை இங்க இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் பிரிச்சு அனுப்பறேன்."

புருஷன்மார் அத்தனை பேர் கையும் விருட்டென்று மேலே போயிற்று.

"கையை இறக்குங்கண்ணா. ஓட்டு உங்களுது இல்ல. போய் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். சட்டம் அவருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள் மனைவிமாரோடு திரும்பினார்கள். ஒருத்தி பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு வந்து, புருஷன் எழுந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஓட்டுக் கேட்டதும் பயந்து பயந்து கையைத் தூக்கினாள்.

"தீர்மானம் நிறைவேறியது" என்றார் தலைவர்.

அவள் கையை இறக்கினாள். சுவரோரம் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாளா உனக்கு ஒண்ணும் புரியாதுன்னீங்க?"