டண்டினொங்கின் கனக்

மொன்றியலில் இருந்த காலமெல்லாம் மகேந்திரராஜாவை ஒருவரும் கனேடியன் என்று சொன்னதில்லை. "எந்த நாடு?" என்றுதான் கேட்டார்கள். 1975இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து டண்டினொங் தொழிற்சாலையில் கால் வைத்த அன்றே அவர் கனேடியனாகிவிட்டார். கனடாவிலிருந்து வந்தவர் என்று கேள்விப்பட்ட மேற்பார்வையாளர் பெர்னி, "வா, கனக்!" என்று கூப்பிட்டார். கனேடியருக்கு அது பட்டப்பெயர்.

பிரெஞ்சுக் கனேடியரைச் சிறுமைப்படுத்தவும் அதே சொல்லைச் சிலர் வீசியதை மொன்றியலில் மகேந்திரராஜா கேட்டிருந்தார்.

"இந்த ஊரான் பகிடிக்குச் செம்பட்டைத் தலையனை 'நீலம்' எண்டுறான், மொட்டையனைச் 'சுருட்டை' எண்டுறான். உங்களைக் கனக் எண்டா என்னப்பா?" என்றாள் அன்றிரவு மனைவி கல்யாணி. "பேர் வைக்காட்டித்தான் யோசிக்க வேணும்."

"சொல்லின்ர அடி தெரியாமல் நான் தலையாட்ட மாட்டன்."

சனிக்கிழமை ரயிலேறி நகர நூலகத்துக்குப் போனார். கனடா என்ற பெயரிலிருந்தே பிறந்தது என்றது ஓர் அகராதி. ஹவாய் மாலுமிகளின் 'கனாக்கா'விலிருந்து வந்திருக்கலாம் என்றது இன்னொன்று. அவர்கள் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தீவுக்காரரை வெள்ளையர் இகழ்ந்ததும் அந்தச் சொல்லால்தான். உறுதியாகத் தெரியாது என்று மூன்றாவது கைவிரித்தது. வன்கூவரிலோ ஒரு ஐஸ் ஹாக்கி அணியே கனக் என்பதைப் பெருமையோடு சூடியிருந்தது.

"நல்லதோ, கெட்டதோ?" என்றாள் கல்யாணி.

"சொல்லுற வாயைப் பொறுத்தது. பெர்னியின்ர வாயில நஞ்சில்லை."

சில மாதங்களில் அவர் வேலைசெய்த இயந்திரப் பகுதிக்கே அவரைப் பொறுப்பாளராக்கினார்கள். பொறுப்பாளரின் பெயரைப் பலகையில் எழுதி இயந்திரங்களுக்கு மேலே மாட்டுவது அங்கே வழக்கம். பெர்னி சிரித்துக்கொண்டே கொண்டுவந்த பலகையில் 'கனக்' என்றிருந்தது.

"வாயால எப்படியும் கூப்பிடு, பெர்னி. பலகையில என்ர பேர்தான் ஏற வேணும்."

"உன்ர பேர் இதுக்குள்ள அடங்காது, மச்சான்."

"அப்ப பலகைதான் சின்னது."

"மாத்தாட்டி?"

"பொறுப்பு வேண்டாம். பழைய மெஷினுக்கே போறன்."

பெர்னியின் சிரிப்பு நின்றது. மகேந்திரராஜாவுக்கு வீட்டு வாடகையும் கல்யாணியின் முகமும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பெர்னி பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை, கதவு அகலத்தில் ஒரு புதுப் பலகையோடு ஏணியில் நின்றார் பெர்னி. "ம... ஹெண்... ட்ரா..." என்று எழுத்துக் கூட்டி மூச்சு வாங்கினார். பிறகு கீழே பார்த்துக் கத்தினார்: "ஏய் கனக், நேராய் இருக்கோ பார்!"

"இடப்பக்கம் கொஞ்சம் தூக்கு," என்றார் மகேந்திரராஜா.