கழுத்தால் மூச்சு விட்டவள்

ஈரத் துணி வழியே யாரோ பைய ஊதுவதுபோல ஒரு சத்தம், என் தங்கை செல்வியின் கழுத்துக் குழியில் பொருத்தியிருந்த உலோகக் குழாயிலிருந்து, அவள் தூங்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகள், "ஓட்டக்கழுத்து வருதா, ஓடுங்கலே!" என்று சிதறுவார்கள்.

மூன்று வயதில் அவளுக்குக் குரல் கம்மி, பிறகு மூச்சும் இழுக்கத் தொடங்கியது. "இளைப்பு" என்றே எல்லோரும் சொல்ல, நாங்களும் அதற்குத்தான் மருந்து கொடுத்துவந்தோம். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா அவள் வாயருகே குனிந்து கேட்டுவிட்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் இரைகிறது, அடைப்பு தொண்டையில்தான் என்றார். மயக்கம் கொடுத்துப் பார்த்தால் குரல்வளையெங்கும் மரு. சுரண்டினாலும் முளைக்கும், வயது ஏற அடங்கலாம், அதுவரை மூச்சுக்கு வேறு வழி வேண்டும் என்று கழுத்தில் துளையிட்டார்கள்.

மரு என்றதும் அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "மருவுதானா? கோயில்ல உப்பும் மொளகும் போட்டா உதுந்துட்டுப் போவுது. இதுக்குப் போயி கழுத்த அறுத்துட்டாவளே!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "போடுங்கம்மா. குழாய மட்டும் கழத்திராதீங்க" என்றார்.

காற்று கழுத்தோடு போய்விடுவதால் அவளுக்குக் குரல் இல்லை. விழுந்தால் வாய் முழுக்கத் திறக்கும், கண்ணீர் கொட்டும், ஒரு சத்தமும் வராது. சிரிப்பும் அப்படியே. எதேச்சையாகத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்பாள். நான் அலறிவிடுவேன். அம்மா அவள் காலில் சலங்கை கட்டினாள். தான் சுற்றும் பீடியின் புகையிலைத் தூள் குழாய்க்குள் போய்விடக் கூடாதென்று பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போக, காவலுக்கு ஆள் வேண்டி என் ஆறாம் வகுப்பு நின்றது. "ஏட்டி, அவ மேல கண்ணு இருக்கட்டும்" என்பாள். எனக்கோ உலை கொதிக்கும்போதும் காது அந்தக் குழாயிலேதான் கிடக்கும்.

ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் நின்றது. சலங்கையும் கேட்கவில்லை. தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அரிசிப் பானைக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தாள், உதடு கறுத்து, தொண்டைக்குழி உள்ளே ஒடுங்க, என்னையே பார்த்தபடி. ஆஸ்பத்திரியில் நர்ஸக்கா சொல்லிக்கொடுத்திருந்தபடி உள்குழாயைத் திருகி உருவினேன். காய்ந்த சளி தக்கைபோல அடைத்திருந்தது. விசுக்கென்று காற்று உள்ளே போயிற்று. அடுத்த வீட்டில் அம்மா யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பலமுறை சுரண்டி, சில வருடங்கள் கழிந்து, ஒருநாள் டாக்டரம்மா குழாய் வாயை விரலால் பொத்தி, "அக்காவக் கூப்பிடு" என்றார்.

"யக்கா."

முதிர்ந்த ஆணின் குரல்போலத் தடித்த ஒன்று அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். "இவளா பேசுதா?" என்று அம்மாவும் நடுங்கினாள். பிறகு, "கோயில்ல போட்ட உப்பு கரைஞ்ச மாதிரி மருவும் கரைஞ்சுட்டு பாத்தியா!" என்று தேறிக்கொண்டாள்.

இன்று குழாய் இல்லை, சலங்கை இல்லை, அம்மாவும் இல்லை. துளை இருந்த இடத்துத் தழும்புக்குக் கீழே தாலிக்கொடி தொங்க, செல்வி திருப்பூரிலிருந்து அதே கரகரத்த குரலில் போனில் மாமியார் கதையை ஓயாமல் பேசுகிறாள். நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

"ஏட்டி செல்வி, இருக்கியா?"

"தண்ணி குடிக்கேன்லாக்கா."

அதைக் கேட்ட பிறகுதான் உட்காருவேன்.