லைசென்ஸ் உள்ள துப்பாக்கியும் ஒரு பேக்கரி வாசலும்

போன சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. ஒரு பேக்கரி வாசலில் நின்று என் மருமகன் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, கார் சீட்டில், எனக்குச் சுகர் இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் முடிகிற மாதிரி இல்லை. சுகரும் நிற்கிற மாதிரி இல்லை!

பிழையில் பாதி என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போகிற நாளில் பூசை முடியும்வரை நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஆனால் சுகர் குளிசையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிடுவேன். வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று டொக்டர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நான் என்ன நினைத்தேன்? பத்து மணிக்குப் பூசை, முடிந்ததும் பிரசாதம்... சமாளித்துவிடலாம்.

மருமகனின் துப்பாக்கியை நான் யோசிக்கவில்லை.

என் மருமகன் சுகந்தன் சாதுவான மனிதர். கம்ப்யூட்டர் வேலை. தும்மினால்கூடச் சத்தம் வராது. அவருக்கு இரண்டு வருடமாக ஒரு விளையாட்டில் பிடிப்பு — களிமண் தட்டை வானத்தில் எறிவார்கள், இவர்கள் அதைச் சுடுவார்கள். பொலிசில் லைசென்ஸ் எடுத்து, வீட்டில் இரும்புப் பெட்டி பொருத்தி, எல்லாம் முறைப்படி. இதற்கா நாங்கள் ஊரில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம், இந்த நாட்டுக்கு ஓடி வந்தோம் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை. மருமகனிடம் அப்படிப் பேச எனக்கு வாய் வராது.

அன்று மகளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம்.

"மாமி, போற வழியில கிளப்பில ஒரு அரை மணித்தியாலம். அப்பிடியே கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிடலாம்."

"ஓம் தம்பி."

அரை மணித்தியாலம் இரண்டரை மணித்தியாலமானது. ஏதோ போட்டியாம். நான் காருக்குள். தட்டுகள் வானத்தில்.

கிளப்பை விட்டுப் புறப்பட்டதும் கை நடுங்கத் தொடங்கியது. கழுத்தெல்லாம் வியர்வை.

"மாமி, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை தம்பி."

"முகம் ஒரு மாதிரி இருக்கு."

"அது வெயில் தம்பி."

பதினொரு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு நாளாவது பசிக்கிறது என்று சொன்னதில்லை. சாப்பிட்டீங்களா என்று அவர் கேட்டால் "இப்பதான் சாப்பிட்டனான்" என்பேன் — அடுப்பில் பானைகூட வைத்திருக்க மாட்டேன். அதற்குப் பெயர் மரியாதை. எங்களில் எத்தனை மாமிமார் இந்த மரியாதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறோம்?

நல்ல வேளை, அவருக்கே பசித்தது. பேக்கரி முன்னால் காரை நிறுத்தி இறங்கினார். பின்கதவைத் திறந்து, துப்பாக்கி வைத்த நீளமான கறுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"துவக்கு ஏன் தம்பி?"

"கார்ல விட்டுட்டுப் போகேலாது மாமி. லைசென்ஸ் இல்லாத உங்களிட்டயும் விடக்கூடாது. களவு போனா என்ர லைசென்ஸ் போயிடும்."

கடை வாசலில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. துப்பாக்கிப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கிளப்புக்குப் பக்கத்துக் கடை அல்லவா? இப்படிப் பையோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் போல. படத்துக்குக் கீழே இருந்ததை அவரே சத்தமாக வாசித்தார் — லைசென்ஸ் இருந்தாலும் உள்ளே கொண்டுவரக்கூடாது.

வாசித்தவர் திரும்பி வந்தாரா? இல்லையே! கடைக்காரியைக் கூப்பிட்டார்.

வியட்நாம்கார அம்மா. என் வயது இருக்கும். ஏப்ரனில் மா அப்பியிருந்தது. எனக்கு விளங்கிய இங்கிலீஷில் அவர்கள் பேசியது இதுதான்:

"பூட்டியிருக்கிறது. தோட்டா இல்லை. இது என் லைசென்ஸ்."

"நல்லது. வெளியே நில்."

"அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

"சட்டம் பொலிசிடம். கடை என்னிடம்."

"நான் கஸ்டமர்! எனக்கு உரிமை இருக்கிறது!"

"பை இல்லாமல் வா. அப்போது கஸ்டமர்." பையைக் காட்டி, "துப்பாக்கி நான் பார்த்தது போதும்" என்றார் அந்த அம்மா.

அந்தக் கடைசி வசனத்துக்கு எனக்கு இங்கிலீஷே தேவைப்படவில்லை.

மருமகன் விடவில்லை. எனக்கோ எரிச்சல் தலைக்கேறியது. இவர் வீட்டில் கருவாடு பொரிக்கக்கூடாது. கார்பெட்டில் மணம் பிடிக்குமாம். பனிக்காலத்திலும் நான் கராஜில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொரிக்கிறேன். கருவாடு பொரிப்பது குற்றமா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் கேட்டேனா? அவர் வீடு, அவர் சொல்கிறார், நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதே ஞாயம் இந்த அம்மாவின் கடைக்கு மட்டும் கிடையாதா? லைசென்ஸ் என்பது வைத்திருப்பதற்குத்தானே... அடுத்தவர் கதவைத் திறக்கிற சாவியா அது?

இதையெல்லாம் யோசிக்கும்போதே கண் இருட்டியது. பேக்கரியின் பெயர்ப் பலகை இரண்டாகத் தெரிந்தது. இனிப் பேசாமல் இருந்தால் செத்துப்போவேன் என்று உண்மையிலேயே பயம் வந்தது.

"தம்பி! எனக்குப் பசிக்குது! சுகர் இறங்குது! உங்கட உரிமையைப் பிறகு கதையுங்கோ!"

காலையிலிருந்து நூறு வெடிச் சத்தத்துக்கு அசையாத மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னிடம் ஓடி வந்தார். உடனே கடைப் பக்கம் ஓடினார். வாசலில் பை தடுத்தது. மறுபடி காருக்கு வந்தார்.

"மாமி... முதல்லயே சொல்லியிருக்கலாமே! இந்தப் பையை இப்ப நான் எங்க வைக்கிறது?"

அந்த அம்மா அவரைத் தாண்டி வந்தார். கையில் ஒரேஞ்ச் ஜூஸ் போத்தல். மூடியைத் திறந்து என் வாயருகே பிடித்தார். பாதி குடித்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். ரோஸ் நிற ஐசிங் பூசிய நீளமான பன் இரண்டை முன்னால் வைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விரதம் போனது. போகட்டும், உயிர் இருந்தால் அடுத்த சனிக்கிழமை பிடிக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. பெயர்ப் பலகையும் ஒன்றானது.

கண்ணாடிக்கு வெளியே மருமகன் பையோடு நின்றார். பாவம், அவருக்கும் பசி. சுடச்சுட அடுக்கியிருந்த பைகளையே... இறைச்சி வைத்த பேஸ்ட்ரியைத்தான் சொல்கிறேன்... பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்கார அம்மா அதைக் காட்டி, அவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

மருமகனுக்குச் செய்யவேண்டிய மரியாதை எனக்குத் தெரியாதா? கொடுங்கள் என்று தலையாட்டினேன் — இரண்டாவது பன்னையும் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்த பிறகு.