நாலாவது மாடிக்குக் கொடுத்த முத்திரை

என் அக்காவைக் கட்டியவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கு இருபது வருடமாக வந்துபோகிறவர், இன்றைக்கும் கதவு எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மணியடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதுதான் அவர் பிழைப்பு.

இணையத்தில் கடை போடுகிறவர்கள், தாங்கள் நிஜமான ஆட்கள்தான் என்று காட்ட ஒரு பச்சை முத்திரை வாங்குவார்கள். அதைக் கொடுப்பது அத்தானின் கம்பெனி. கடைக்காரர் சொன்ன முகவரிக்கு அத்தான் நேரில் போவார். கதவைத் தட்டி, ஆளைப் பார்த்து, சரக்கைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து அனுப்புவார். முத்திரையைத் தொட்டால் கடையின் முகவரியும் சரிபார்த்தவரின் எண்ணும் தெரியும். அவருடையது நாற்பத்தேழு. பதினோரு வருடத்தில் எத்தனையோ போலிகளுக்கு முத்திரை கிடைக்காமல் செய்திருக்கிறார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரே ஒரு நாள் முட்டி வலி தாங்கவில்லை. அன்றைக்கு அது ஆறாவது முகவரி. லிப்ட் ஓடவில்லை. கீழே பெயர்ப்பலகையில் நாலாவது மாடி என்று அந்தக் கடையின் பெயர் பளிச்சென்று இருந்தது. அதைப் படமெடுத்தார். போனில் பேசிய கடைக்காரன் அனுப்பிய உள்ளறைப் படத்தையும் சேர்த்து, நேரில் பார்த்ததாக எழுதி அனுப்பிவிட்டார்.

எட்டு மாதம் கழித்து அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்றார்கள். அத்தான் வெளியூர் போயிருந்தபோது அவளே போனில் ஒன்றை வாங்கிவிட்டாள். விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது, காற்றும் வந்தது. ஐந்தாம் நாள் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மெஷினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே இருப்பது மீன்தொட்டி மோட்டார் என்றார்.

அத்தான் மெஷின் விற்ற கடையின் பக்கத்தைத் திறந்து முத்திரையைத் தொட்டார். நாற்பத்தேழு என்று வந்தது.

அதிலிருந்த முகவரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அந்தக் கட்டடத்தில் மூன்று மாடிதான். அதற்கு மேல் மொட்டைமாடியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். அங்கேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார்.

மறுநாள் கட்டிலருகே அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"வேற கடையும் இருந்துச்சுங்க. உங்க நம்பரப் பாத்துட்டுதான் இதுல வாங்குனேன். நீங்க போனப்ப ஒழுங்காதான் இருந்திருப்பானுங்க. அந்த முட்டியோட நாலு மாடி ஏறிப் போயிருக்கீங்க, உங்களையே ஏமாத்திட்டானுங்க பாருங்க."

நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா," என்றார். "ஏறுனேன்."

அக்கா மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள். நானும் சொல்லவில்லை.