தண்ணிப் பொலிஸ் மங்கையற்கரசி

மங்கையற்கரசி என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட அந்த ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நாக்குப் புரளவில்லை. மேரி என்று வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கனடா வந்து, சிறுநீரக மெஷின் வார்டில் உதவியாளராகச் சேர்ந்தாள். மெஷினில் இரத்தம் சுத்தம் செய்பவர்களுக்குத் தண்ணீர்தான் எமன். அளவுக்கு மேல் குடித்தால் உடம்பு வீங்கி மூச்சு முட்டும். ஆகவே அவளுடைய வேலையில் பாதி, நோயாளிகளிடமிருந்து தண்ணீரைப் பிடுங்குவது.

அவளுடைய உயிரை வாங்க வீரக்குட்டி ஒருவரே போதும். மட்டக்களப்புக்காரர். மகனின் பெயர் மாமாங்கம், ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் வேலை. கிழவர் ஐஸ்கட்டியைச் சட்டைப்பையில் ஒளிப்பார். ஒருமுறை பூச்சாடித் தண்ணீரையே குடித்துவிட்டார்.

“உந்தச் சாடியைக் கீழ வையுங்கோ அங்கிள்! வெக்கமில்லையே?” என்று பாய்வாள் அவள்.

“தண்ணிப் பொலிஸ் வந்திட்டா!” என்று வார்டே அதிரச் சிரிப்பார் அவர்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் தனக்குத் தாகமெடுத்தால், படியிறங்கிப் போய் ஒருவரும் காணாமல்தான் குடித்துவிட்டு வருவாள்.

எண்பத்தேழு கோடையில் ஒரு நாள் அவர் மெஷின் கதிரையிலிருந்தபடியே அறிவித்தார். “புள்ள, எனக்கு இனிக் காணும், போதும். இந்த மெஷின நிப்பாட்டச் சொல்லப் போறன்.”

சீனி வருத்தத்தில் அவருடைய ஒரு காலை ஏற்கெனவே வெட்டி எடுத்தாயிற்று, கண்ணும் மங்கிவிட்டது. டொக்டர் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துவிட்டு, மனிதர் தெளிவாகத்தான் இருக்கிறார், அவர் விருப்பம் என்றார். நிறுத்தினால் ஒரு கிழமை, கூடினால் இரண்டு கிழமைதான் உயிர் இருக்கும். மகன் தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தான். மனைவி பரிமளம் மட்டும் மசியவில்லை. வார்டு வாசலில் மங்கையற்கரசியின் கையைப் பிடித்து, “நீங்க எல்லாரும் சேந்து என்ட மனிசனக் கொல்லப் போறீங்க,” என்றாள்.

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊசி போட்டுச் சாகடித்தால்தான் குற்றம், இது குற்றமில்லை என்றார் டொக்டர். சட்டம் சொன்னால் கை கேட்குமா? மூன்று வருசமாக இழுத்துப் பிடித்து வைத்திருந்த மனிதரை இனி அவளே விட்டுவிட வேண்டும். கோபம் கோபமாக வந்தது, அவர்மேலும்தான்.

வீரக்குட்டிக்கோ கலியாண மாப்பிள்ளைக் களை. வியாழனோடு மெஷின் நின்றது. தடைசெய்த சாப்பாடு அத்தனையும் வேண்டுமாம்: கருவாட்டுக் குழம்பு, வாழைப்பழம், எருமைத் தயிர். “சனிக்கிழமை வீட்ட வாகா புள்ள. முதல் கிளாஸ் தண்ணி உன்ட கையாலதான்,” என்றார்.

போவதில்லை என்றுதான் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால், டோர்செட் பார்க்கில் அவர்கள் கட்டடத்து லிப்டில் நிற்கிறாள். லிப்ட் கதவு திறந்ததும் கருவாட்டு மணம் அந்தத் தளம் முழுக்க அடித்தது.

உள்ளே ஒரே சனம், ஒரே சிரிப்பு. எருமைத் தயிருக்கு இங்கே எங்கே போவது என்று மகன் கையை விரித்திருந்தான். கிழவர் கடைத் தயிரில் சீனியைக் கொட்டி, “இதுவும் எருமைதான், வெள்ளைக்கார எருமை!” என்று அள்ளிக்கொண்டிருந்தார். பரிமளம் மட்டும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

மங்கையற்கரசி கிளாஸ் நிறையத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கத் தொடங்கினார். இரண்டு மிடறுகூட இறங்கியிருக்காது, அவளுடைய கை தன்பாட்டில் போய்க் கிளாஸைப் பிடுங்கிவிட்டது.

“காணும் அங்கிள்!”

வீடே கொல்லென்று சிரித்தது. வீரக்குட்டிக்குப் புரையேறிவிட்டது. “தலைக்கு மேல வெள்ளம் போயிட்டு, இனிச் சாணென்ன முழமென்ன புள்ள!” அவளும் சிரித்தாள், கூடவே அழுகையும் வந்தது. கிளாஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

அறைக்கதவு திறந்தது. பரிமளம் நேரே வந்து கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கினாள். “விடுகா. வீட்டில குழாயக் காவல் காத்தவள் நான். நானே குடுக்கிறன்.” புருசனின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துப் பருக்கினாள். அவர் அடிவரை குடித்துவிட்டுப் பெரிய ஏப்பம் ஒன்று விட்டார். திரும்பவும் சிரிப்பு, இந்தமுறை பரிமளமும்.

“இன்னொண்டு,” என்றார். பரிமளம் வார்த்துக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. மங்கையற்கரசியிடம் நீட்டினார்.

“இது உனக்கு. மூணு வருசமா என்ட கண்ணுக்கு முன்னால நீ ஒரு சொட்டுக் குடிக்கல்ல. எனக்குத் தெரியாதெண்டா நினைச்சாய்?”

அவர் பார்க்கப் பார்க்க, கிளாஸை வாயில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள் மங்கையற்கரசி.