கீதாவும் கமாவும்

போன கிழமை சிட்னியில், வென்ட்வேர்த்வில் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு தாய், "கீதா, இஞ்ச வா" என்று மகளைக் கூப்பிட்டாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. உங்களுக்கு அது ஒரு பெயர். எனக்கு அது, எழுபதுகளில் நான் கெடுத்த ஒரு சொல்.

அப்போது சிட்னிக்கு வந்து இரண்டு வருடம். செவன் ஹில்ஸில் ஹெலன் என்ற ஓய்வுபெற்ற தாதியின் வீட்டில் எனக்குத் தட்டச்சு வேலை. எஸ்.எஸ்.சி. படிப்போடு நின்றவளுக்கு முருகன் காட்டிய வழி. ஹெலன், பசிபிக்கில் ஒரு சின்னத் தீவின் மொழிக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பேச மிஞ்சியிருந்தவர் தாவி என்ற கிழவர் ஒருவர்தான். கப்பலில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர். தலையில் தேங்காயெண்ணெய் மணக்கும். அந்த மணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆங்கிலக்காரரின் 'வீ' (we) என்ற ஒரு சொல்லுக்கு அவரிடம் இரண்டு இருந்தன: கீதா, கமா. என்ன வித்தியாசம் என்று ஹெலனுக்குப் பிடிபடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தமிழிலும் இரண்டு உண்டு, 'நாம்' மேடைக்கும் பிரசங்கத்துக்கும், 'நாங்கள்' வீட்டுக்கு என்றேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தானே பேசினோம். ஹெலனும் கீதா மரியாதைச் சொல், கமா சாதாரணச் சொல் என்று எழுதினாள். நான் பெருமையோடு தட்டச்சு செய்தேன்.

தேநீர் வேளையில் கிழவர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, என்னைப் பார்த்து 'கீதா' என்று தொடங்கி ஏதோ சொல்வார். எனக்கு மரியாதை செய்கிறார் என்று கூச்சப்பட்டு, கைகூப்பிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவேன். அவர் தனியாகக் குடிப்பார். எத்தனை மாதம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராஜியிடம், "வெள்ளிக்கிழமை நாங்கள் பஜனைக்குப் போவம்" என்றேன். அவள் மதுரைக்காரி. முகம் சுருங்கிப்போனது.

"போயிட்டு வாங்கக்கா. அதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"உம்மையும்தானே கூப்பிடுறன்."

"அப்ப நாம போவோம்னு சொல்லுங்க. நாங்கன்னா அதுல நான் இல்லையே. நல்ல தமிழ் போங்க."

அவள் சிரித்தாள். எனக்குத் தேநீர் வேளை நினைவுக்கு வந்தது. கதிரை, தேநீர், கீதா. கிழவர் ஒரு வருடமாக 'வா, நாம் குடிப்போம்' என்றல்லவா சொல்லியிருக்கிறார்!

ஹெலனுக்கு ஃபோன் எடுத்தேன். நான் சொல்லத் தொடங்கும் முன்பே அவள் சொன்னாள். விடியக் கிழவருக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை.

அந்த நாளில் சிட்னியில் எங்களுக்கென்று ஓடிப்போக ஒரு கோயில் இல்லை. அலுமாரித் தட்டில் வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து, ஒரேயொரு சொல்லுக்காவது அந்த மனிசனின் நாக்கைத் திருப்பித் தா என்று அழுதேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலருகே நின்று, அவரையும் ஹெலனையும் காட்டி, என்னை விட்டு, "கமா?" என்றேன். பிறகு மூவரையும் சுற்றிக் காட்டி, "கீதா?" என்றேன். அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. விடவே இல்லை.

அது 'ஓம், அப்படித்தான்' என்றா, தண்ணீர் வேண்டும் என்றா? ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை பிடித்ததை இலக்கணத்தில் எழுத முடியாது என்றாள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தேன். பழைய விளக்கத்தை எடுத்துவிட்டு இரண்டு சொற்களுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டதும் இந்த விரல்தான்.

இப்போது ஹெலனும் இல்லை. கோயில்கள் வந்துவிட்டன. முருகனுக்கு முன்னால் நின்று, கிழவரின் பெயர் சொல்லிக் 'கீதா' என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். எதிரில் கேட்பவரையும் சேர்த்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். கேட்க ஒருவரும் இல்லை.