மாமியின் பூக்கூடையில் மீன்

முதலில் பின்னும் கூடையை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரிகளின் இந்த வழக்கத்தை என்னோடு வேலை செய்யும் மாவோரித் தோழி, நான் கூடையை முடித்த பிறகுதான் சொன்னாள். முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் கோணலாகவே பின்னியிருப்பேன்.

சனிக்கிழமைகளில் அவளுடைய கராஜில் பின்னுவோம். ஹரகேகே என்ற அந்த நீண்ட இலையை வெட்டுவதற்கே ஒரு முறை உண்டு. நடுக்குருத்து குழந்தை, அதன் இரு பக்கமும் நிற்பவை தாயும் தகப்பனும். அவற்றைத் தொடாமல் வெளியிலைகளை மட்டும் எடுக்கலாம். மழை பெய்தால் வெட்டவே கூடாது. ஆக்லாந்தில் மழையில்லாத சனிக்கிழமைக்குக் காத்திருந்து காத்திருந்து ஒரு வழியாகக் கூடை முடிந்தது. சாயமிட்ட கறுப்பு இலையும் சாயமிடாத இலையும் மாறி மாறி ஓட, வரிசை வரிசையாக டயமண்ட் கட்டங்கள். உண்மையில் அவை கடலடி மணலில் படுத்திருக்கும் தட்டைமீன்கள். இந்த மீன் இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவிராது என்றாள் தோழி.

அதைக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. ஆகவே மாமிக்குக் கொடுத்தேன். மாமி என் கணவரின் அம்மா. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர். கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கூடை வீட்டை விட்டுப் போகாத மாதிரியும் ஆயிற்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தது வினை. எங்களுடையது சுத்த சைவ வீடு. மீன் டின்கூட வாசலைத் தாண்டியதில்லை. அதனால் கூடையில் இருப்பது மீன் என்று மாமியிடம் நான் சொல்லவில்லை. மாமியோ வெள்ளிக்கிழமை அந்தக் கூடை நிறையச் செவ்வந்திப் பூவோடு கோயிலுக்குக் கிளம்பினார். ஐயர் அதை வாங்கிச் சாமிக்குப் பக்கத்திலேயே வைத்தார். நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு தோழி மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். மேசையில் கூடையைக் கண்டதுமே மகிழ்ந்துபோய், மீன் கதை, முதல் கூடைக் கதை எல்லாவற்றையும் மாமியிடம் ஆங்கிலத்தில் கொட்டினாள். நான் அவசரமாக மொழிபெயர்த்தேன்.

“மாமி, இது பூ டிசைனாம்.”

“ஃபிஷ் எண்டெல்லோ சொல்லுறா,” என்றார் மாமி. “அவ சொல்ல முதலே எனக்குத் தெரியும். மன்னாரிலை பிறந்தவளுக்கு மீன் தெரியாதோ?”

“தெரிஞ்சுகொண்டோ கோயிலுக்குக் கொண்டு போனனீங்கள்?”

“கலியாணம் கட்டி மாமா வீட்டுக்கு வந்த அண்டைக்கு மீனை விட்டனான், பிள்ளை. அதுக்குப் பிறகு வீட்டுக்குள்ளை வந்த மீன் இது ஒண்டுதான். விட்டிட்டுப் போக மனம் வரேல்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

தோழி கிளம்பும்போது மாமி பின்வளவு மரத்து எலுமிச்சம்பழங்களைக் கூடை நிறைய வைத்து அவள் கையில் கொடுத்தார். கூடையோடுதான்.

“மாமி, கூடை!”

“முதல் கூடையைக் குடுக்கத்தானே வேணும்? ஒரே வீட்டுக்குள்ளை குடுத்துப்போட்டு ஆரை ஏமாத்துறாய்?”

கார் தெருமுனையில் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

“அடுத்ததை எனக்குப் பின்னு, பிள்ளை. மீன் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்.”